பரிசு கிடையாது, ஆனாலும் ஓடுகிறார்கள்!

தென் ஆப்பிரிக்காவில் ஆண்டுதோறும் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அதன் பெயர் "காம்ரேட்ஸ் மாரத்தான்". காம்ரேட் என்றால் தோழன். தோழர்கள் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண மாரத்தான் ஓட்டம் 42 கிலோமீட்டர். இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர்! மதுரையில் புறப்பட்டு காரைக்குடி போய்ச் சேருகிற தூரம். அதுவும் சமவெளி அல்ல. மேடும் பள்ளமுமான மலைச் சாலை.

ஒரு முனையில் டர்பன் துறைமுகம். மறு முனையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம். ஓர் ஆண்டு கடற்கரையில் இருந்து மலை நகருக்கு ஏறுவார்கள். அதை "மேல் ஓட்டம்" என்பார்கள். அடுத்த ஆண்டு மலையில் இருந்து கடலுக்கு இறங்குவார்கள். அது "கீழ் ஓட்டம்".

இந்த இரண்டு ஊர்களும் தமிழருக்குப் புதியவை அல்ல. கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையில் இருந்து போன முதல் கப்பல், 1860-ம் ஆண்டு நவம்பரில் டர்பனில்தான் கரை சேர்ந்தது. 1893-ல் காந்திஜியை முதல் வகுப்பு ரெயில் பெட்டியில் இருந்து இறக்கிவிட்டது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரெயில் நிலையத்தில்தான்!

சரி, இந்தப் பந்தயத்தில் ஓடுகிறவர்கள் யார்?

பெரிய வீரர்கள் சிலர் ஓடுகிறார்கள். அவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் யார் என்றால், குமாஸ்தா, நர்சு, டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார், கடை வைத்திருப்பவர், பேரன் பேத்தி எடுத்த பாட்டி! 20 ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுக்கிறார்கள். பணம் கட்டித்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

முதலில் வரும் 10 ஆண்களுக்கும் 10 பெண்களுக்கும் தங்கப் பதக்கம். மற்றவர்களுக்கு? நாணயம் போல ஒரு சின்னப் பதக்கம். அவ்வளவுதான்.

இதற்காக அவர்கள் மாதக் கணக்கில், கோழி கூவும் முன் எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். மழையிலும் ஓடுகிறார்கள், குளிரிலும் ஓடுகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓடாவிட்டால் சம்பளம் குறையாது. வீட்டில் சோறு போடாமல் இருக்கப் போவதும் இல்லை.

பிறகு எது அவர்களை எழுப்பி ஓட விடுகிறது?

"மன உறுதி" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதிப் பதில்தான். மன உறுதி மட்டும் போதும் என்றால், ஜனவரி முதல் தேதி ஓட ஆரம்பித்தவர்கள் எல்லாரும் பிப்ரவரியிலும் ஓடிக்கொண்டு இருக்க வேண்டுமே! உறுதி என்பது இரவு படுக்கப் போகும்போது மலை போல் இருக்கும். காலை 4-30 மணிக்குப் போர்வைக்குள் தேடினால் கிடைக்காது.

இந்தப் பந்தயத்தின் கதையைப் பார்த்தால் மீதிப் பதில் கிடைக்கும்.

ஒரு பவுன் கடன்

இந்தப் பந்தயத்தை உண்டாக்கியவர் ஒரு ரெயில் எஞ்சின் டிரைவர். பெயர் விக் கிளாப்ஹம். முதல் உலக யுத்தத்தில் (1914-1918) சிப்பாயாகப் போனார். கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வெயிலிலும் மழையிலும் 2 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். கூட நடந்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

ஊர் திரும்பிய கிளாப்ஹம், இறந்துபோன தோழர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நினைத்தார். கல்லில் அல்ல. காலில்! அவர்கள் பட்ட கஷ்டத்தை, மற்றவர்கள் ஒரு நாளாவது பட்டுப் பார்க்கட்டும் என்று எண்ணினார்.

பழைய போர் வீரர்களின் சங்கத்தில் போய்க் கேட்டார். "பைத்தியமா உமக்கு?" என்கிற மாதிரி பார்த்தார்கள். 1919-ல் மறுத்தார்கள். 1920-லும் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1921-ல் ஒப்புக்கொண்டார்கள். செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தார்கள். அதையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று நிபந்தனை!

1921 மே 24-ந்தேதி 34 பேர் புறப்பட்டார்கள். 16 பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் வந்த பில் ரோவான் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

இன்று 9 மணி நேரத்தில் ஓடி முடிப்பவருக்குக் கொடுக்கும் பதக்கத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்து இருக்கிறார்கள். அன்று முதல் பரிசு வாங்கிய வேகம், இன்று ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பழகுகிற ஒருவர் தொட்டுவிடக்கூடிய வேகம்!

இரண்டாவது ஆண்டு பந்தயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பில் பெய்ன் என்று ஒரு கால்பந்து வீரர். கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ரக்பி கால்பந்து. அவர் ரக்பி பூட்சைப் போட்டுக்கொண்டே ஓடினார். வழியில் பசி எடுத்தது. ஓட்டலில் நுழைந்து கோழிக்கறிக் குழம்பு சாப்பிட்டார்! பிறகு புறப்பட்டு ஓடி, 8-வது ஆளாக வந்து சேர்ந்தார். இப்படிச் செய்யலாம் என்று யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பந்தயத்தை யாரும் முறுக்கிக்கொண்டு பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

38 வயதில் தொடங்கியவர்

அதே 1922-ல் முதல் பரிசு வாங்கியவரின் கதைதான், ஓட ஆசைப்படும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவர் பெயர் ஆர்தர் நியூட்டன். விவசாயி. அரசாங்கத்துடன் அவருக்கு ஒரு நிலத் தகராறு. அவருடைய பண்ணை இருந்த பகுதியைக் கறுப்பு மக்களுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியது. தனக்கு நஷ்டம், ஈடு வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. (இந்த வழக்கில் இன்று யாரும் அவர் பக்கம் நிற்பது கஷ்டம். அது வேறு விஷயம்.)

"நான் பெயர் பெற்ற மனிதனாக ஆனால் என் குறையைக் காது கொடுத்துக் கேட்பார்கள்" என்பது அவர் போட்ட கணக்கு. எதில் பெயர் வாங்குவது? ஓட்டத்தில் என்று முடிவு செய்தார்.

அப்போது அவருக்கு வயது 38!

1922 ஜனவரி முதல் தேதி ஓடத் தொடங்கினார். அன்று ஓடியது சுமார் இரண்டு மைல். அதற்கே கால் பிடித்துக்கொண்டது. வேறு ஒருவராக இருந்தால், "இந்த வயதில் நமக்கு எதற்கு?" என்று விட்டிருப்பார்.

நியூட்டன் ஒரு காரியம் செய்தார். வேகத்தைக் குறைத்தார்.

மெல்ல ஓடினார். முடியாதபோது நடந்தார். நாலு நாள் வேகமாக ஓடி, ஐந்தாவது நாள் படுப்பதைவிட, நாற்பது நாள் மெதுவாக ஓடுவது மேல் என்று கண்டுகொண்டார். தூரம் கூடிக்கொண்டே போனது. ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மே 24-ந்தேதி பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டார்!

அதோடு முடியவில்லை. 1923, 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளிலும் அவரே முதல். அந்தக் காலத்தில் ஓட்டக்காரர்கள், கொஞ்ச தூரம் மூச்சு வாங்க ஓடுவதுதான் பயிற்சி என்று நினைத்தார்கள். தினமும் மெதுவாக, நீண்ட தூரம் ஓடுவதுதான் பயிற்சி என்று காட்டியவர் நியூட்டன்.

வழக்கில் வெற்றி கிடைத்ததா? இல்லை. அவர் நாட்டை விட்டே போனார். நிலத்துக்காக ஓட ஆரம்பித்தவர், நிலம் போன பிறகும் ஓடிக்கொண்டு இருந்தார். தொடங்கின காரணம் ஒன்று, தொடர்ந்த காரணம் வேறு!

இது எல்லா ஓட்டக்காரர்களுக்கும் பொருந்தும். ஒருவர் தொந்தி குறைய வேண்டும் என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் டாக்டர் சொன்னார் என்று ஆரம்பிப்பார். வேறு ஒருவர் கவலையை மறக்க ஆரம்பிப்பார். அந்தக் காரணம் மூன்று மாதம்தான் வேலை செய்யும். தொந்தி குறைந்துவிட்டால் காரணம் போய்விட்டது. குறையாவிட்டாலும் போய்விட்டது! அதற்குள் ஓட்டமே ஒரு பழக்கமாக, காலையில் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட வேண்டும். பல் விளக்க யாருக்காவது மன உறுதி தேவைப்படுகிறதா?

மெதுவாக ஓடினால்தான் அப்படிப் பழக்கம் ஆகும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவருடன் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் நின்றுபோவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. முதல் வாரமே சிறுத்தை மாதிரி பாய்வதுதான்! பாய்ந்தால் முழங்கால் வலிக்கும். வலித்தால் மனசு, "வேண்டாம்" என்று சொல்லும். மனசு சொல்வதில் தப்பு இல்லை.

"பஸ்" வருகிறது!

காம்ரேட்ஸ் பந்தயத்தில் பார்க்கவேண்டிய காட்சி ஒன்று உண்டு. சாலையில் "பஸ்" வரும். அதற்குச் சக்கரம் கிடையாது. நூறு, இருநூறு பேர் நெருக்கமாகச் சேர்ந்து ஓடி வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் "பஸ்" என்று பெயர்!

முன்னால் ஒருவர் ஓடுவார். அவர்தான் "டிரைவர்". அவர் கையில் ஒரு பலகையோ கொடியோ இருக்கும். எத்தனை மணி நேரத்தில் இந்தப் பஸ் ஊர் போய்ச் சேரும் என்று அதில் எழுதி இருக்கும். டிரைவர் அனுபவசாலி. பல தடவை இதே சாலையில் ஓடியவர். எந்த மேட்டில் நடக்க வேண்டும், எந்த இறக்கத்தில் ஓட வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். "நடங்கள்" என்பார், எல்லாரும் நடப்பார்கள். "ஓடுங்கள்" என்பார், எல்லாரும் ஓடுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள்.

டிரைவருக்குச் சம்பளம் கிடையாது. அவர் தனியாக ஓடினால் இன்னும் சீக்கிரம் போய்விடுவார். அந்த நேரத்தை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாதவர்களை இழுத்துக்கொண்டு வருகிறார்.

தனியாக ஓடுகிறவன் தன் மனசோடு வாதாட வேண்டும். அந்த வாதத்தில் மனசுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். பஸ்சில் இருக்கிறவனுக்கு வாதமே இல்லை. பக்கத்தில் இருப்பவன் ஓடுகிறான், இவனும் ஓடுகிறான்!

பயிற்சியிலும் இப்படித்தான். தெரு முனையில் காலை 5 மணிக்கு ஒரு சிநேகிதர் காத்துக்கொண்டு இருக்கிறார் என்றால், எழுந்து போகாமல் இருக்க முடியாது. "நான் எழுந்திரிக்கவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது சுலபம். குளிரில் நிற்கும் இன்னொரு மனிதரிடம் சொல்வது சுலபம் அல்ல. நூறு சொற்பொழிவு கேட்பதைவிட, நேரம் தவறாத ஒரு சிநேகிதர் இருப்பது நல்லது.

இந்த நாளில் ஊக்கம் கொடுக்கும் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. கையில் இருக்கும் போனைத் தட்டினால் மணிக் கணக்கில் கேட்கலாம். கேட்டு முடித்ததும் நாலு மைல் ஓடிவிட்டது மாதிரி ஒரு திருப்தி வரும்! அதுதான் அதில் உள்ள ஆபத்து.

பாதி வழியில் ஒரு கும்பிடு

பந்தயப் பாதையில் ஐந்து பெரிய மேடுகள் உண்டு. மேல் ஓட்டத்தில் கடைசியாக வருவது "பாலி ஷார்ட்ஸ்" என்ற மேடு. 80 கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகு, ஊர் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், சுவர் போல முன்னால் வந்து நிற்கும். நல்ல நல்ல வீரர்கள்கூட அங்கே நடப்பார்கள்.

பாதி தூரத்தைத் தாண்டும் இடத்தில், சாலையோரக் கரையில் உட்காருவது போல ஒரு குழிவு இருக்கிறது. அது "ஆர்தரின் ஆசனம்". மேலே சொன்ன நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவார் என்று சொல்கிறார்கள். ஓடுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு பூவை வைத்து, "காலை வணக்கம், ஆர்தர்!" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். அப்படிச் சொன்னால் மீதி ஓட்டம் சுகமாக அமையும் என்று நம்பிக்கை.

மூட நம்பிக்கை என்று சிரிக்கலாம். ஆனால் களைத்துப்போன மனிதனுக்கு, "அடுத்து அந்த இடம் வரும், அங்கே பூ வைக்க வேண்டும்" என்று ஒரு வேலை இருப்பது நல்லதுதானே? 90 கிலோமீட்டரை யாராலும் மனசில் தாங்க முடியாது. அடுத்த வளைவு வரையில் தாங்கலாம்.

இன்சாங்கா என்ற இடத்தில் எத்தெம்பெனி பள்ளிக்கூடம் இருக்கிறது. உடல் ஊனமுற்ற பிள்ளைகளும், பார்வை இல்லாத பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகள் சாலை ஓரத்தில் வரிசையாக இருந்து கையை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஓடி வருகிறவர்கள் அந்தக் கைகளைத் தொட்டுக்கொண்டே போவார்கள். "என்னால் முடியவில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்!

பதக்கம் இல்லாமல் ஓடியவர்கள்

இந்தப் பந்தயத்துக்கு ஒரு கறை உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் கதை பொய் ஆகிவிடும்.

பல ஆண்டுகள் வரை வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இதில் முறைப்படி ஓட முடியும். கறுப்பு மக்கள், இந்தியர், பெண்கள் யாருக்கும் இடம் இல்லை. 1975-ல்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது.

அதற்கு முன்னால் யாரும் ஓடவில்லையா? ஓடினார்கள்!

1923-ல் பிரான்செஸ் ஹேவர்டு என்ற பெண் விண்ணப்பம் கொடுத்தார். பெண் என்பதால் தள்ளினார்கள். தள்ளினாலும் வந்து ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தர விதி இல்லை. பார்த்துக்கொண்டு இருந்த ஜனங்களும் கூட ஓடியவர்களும் காசு சேர்த்து, வெள்ளியில் தேநீர்ப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

1935-ல் ராபர்ட் முட்சாலி என்ற கறுப்பு இளைஞர் ஓடினார். சுமார் 9-30 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அவர் பெயர் முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. 84 ஆண்டு கழித்து, 2019-ல், அவருடைய பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். 9 மணிக்கு மேல் 10 மணிக்குள் வருகிறவர்களுக்கு இப்போது கிடைப்பது "ராபர்ட் முட்சாலி பதக்கம்"!

1989-ல் சாம் ட்சபலாலா முதலாவதாக வந்தார். இந்தப் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் கறுப்பு வீரர் அவர்தான்.

எதற்காக ஓடுகிறார்கள் என்று கேட்கிறவர்கள், ஹேவர்டையும் முட்சாலியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பதக்கம் வராது என்று புறப்படும்போதே தெரியும்.

முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்

இனி, பலருக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வரலாம்.

2003 முதல் இந்தப் பந்தயத்துக்கு 12 மணி நேரக் கெடு. அதற்கு முன் நெடுங்காலம் 11 மணியாக இருந்தது. கெடு முடியும் நேரத்தில் ஓர் அதிகாரி எல்லைக் கோட்டில் வந்து நிற்பார். கையில் துப்பாக்கி. ஓடி வருகிறவர்களைப் பார்க்க மாட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு, கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். நேரம் ஆனதும் வானத்தை நோக்கிச் சுடுவார்.

முடிந்தது! வழியை அடைத்துவிடுவார்கள். ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. பெயரும் ஏறாது. 90 கிலோமீட்டர் ஓடி வந்து, எல்லைக் கோட்டுக்கு முன்னால் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்தால் கல் நெஞ்சமும் கரையும்.

"இது என்ன கொடுமை? ஒரு நிமிடம் பொறுத்தால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேட்பதில் இரக்கம் இருக்கிறது. ஆனால் கெடு இருப்பதே சரி.

ஒரு நிமிடம் பொறுத்தால், அதற்கு அடுத்த விநாடியில் இன்னொருவர் வருவார். அவரை மட்டும் எப்படித் தள்ளுவது? எங்கே கோடு கிழித்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார். அதிகாரி முதுகைத் திருப்பி நிற்பதற்குக் காரணமும் அதுதான். வருகிறவர் முகத்தைப் பார்த்தால் விரல் அசையாது!

இன்னொன்று: அந்தக் கெடுதான் சாதாரண ஓட்டக்காரனுக்குப் பந்தயம். முதல் பரிசு அவனுக்கு இல்லை என்று அவனுக்கே தெரியும். அவனுடைய போட்டி கடிகாரத்தோடு. விருப்பப்பட்ட நேரத்தில் வரலாம் என்றால், ஜனவரி மாதக் காலையில் அவன் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? கெடுவை எடுத்துவிட்டால், அவன் காலையில் எழுந்த காரணத்தையே எடுத்துவிட்டதாக ஆகும்.

கெடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் வரை அது நியாயம். 1975-க்கு முன் இருந்த கதவுதான் அநியாயம். ஆளைப் பார்த்து மூடின கதவு அது. கடிகாரம் ஆளைப் பார்ப்பது இல்லை.

வாலி ஹேவர்டு என்பவரைக் கேட்டால் தெரியும். இவர் 1930-ல், 21 வயதில் முதல் பரிசு வாங்கியவர். பிறகு 1950, 1951, 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் வாங்கினார். 1989-ல், 80 வயதில், மறுபடியும் ஓட வந்தார்! அப்போது கெடு 11 மணி. தள்ளாடித் தள்ளாடி வந்து, இன்னும் 1 நிமிடம் 57 விநாடியே பாக்கி இருக்கும்போது எல்லைக் கோட்டைத் தொட்டார். இளமையில் வாங்கிய ஐந்து வெற்றிகளோடு சேர்த்து அந்த 1 நிமிடம் 57 விநாடியையும் ஜனங்கள் பேசுகிறார்கள். "தாத்தா பாவம்" என்று கெடுவை நீட்டி இருந்தால் இந்தப் பேச்சு இருக்காது.

மறு ஆண்டு வரவழைக்கும் தந்திரம்

பந்தயம் நடத்துகிறவர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள். முதல் தடவை ஓடி முடித்தவன், "போதும்டா சாமி!" என்று உட்கார்ந்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் தடவை ஓடியவர் அடுத்த ஆண்டும் ஓடி முடித்தால், கூடுதலாக ஒரு பதக்கம்! அதை வாழ்நாளில் ஒரே தடவைதான் வாங்க முடியும். மேல் ஓட்டம் ஒன்று, கீழ் ஓட்டம் ஒன்று, இரண்டையும் பார்த்துவிட்டவனுக்கு அது. ஓர் ஆண்டு விட்டால் போச்சு.

பத்துத் தடவை ஓடி முடித்தவருக்குப் "பச்சை எண்" கொடுக்கிறார்கள். அவர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அவருக்கே சொந்தம். வேறு யாருக்கும் அதைத் தரமாட்டார்கள்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. "நான் நல்ல ஓட்டக்காரன் ஆக வேண்டும்" என்பது காற்றைப் பிடிக்கும் வேலை. "மார்ச் முடிவதற்குள் ஒரு தடவை 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும்" என்பது கையில் பிடிக்கிற வேலை. தேதி வேண்டும், தூரம் வேண்டும். பணம் கட்டி இருந்தால் இன்னும் நல்லது. கட்டின பணம் சும்மா தூங்க விடாது!

முன்னேற்றமும் மெதுவாகத்தான் வரும். இந்தப் பந்தயத்தில் அதிகத் தடவை ஜெயித்தவர் புரூஸ் போர்டைஸ். மொத்தம் 9 தடவை. அவர் முதல் முதலில் ஓடிய 1977-ல் 43-வதாக வந்தார். அடுத்த ஆண்டு 14-வது. அதற்கு அடுத்து 3-வது. பிறகு 2-வது. 1981-ல்தான் முதலாவது!

ஜெர்டா ஸ்டெயின் என்ற பெண், துபாயில் கட்டிட வேலைக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓடிப் பழகினார். 2015-ல் முதல் தடவையாகக் காம்ரேட்சில் ஓடினார். 8 மணிக்கு மேல் ஆயிற்று. 2019-ல் மேல் ஓட்டத்தை 6 மணிக்குள் ஓடி முடித்தார். மேல் ஓட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் 6 மணிக்குள் ஓடியது இல்லை. நாலு ஆண்டில் இரண்டு மணிக்கு மேல் குறைத்துவிட்டார்!

வீட்டாரும் ஓடுகிறார்கள்

ஓடுகிறவர் ஒருவர் என்றால், அவரோடு ஒரு குடும்பமே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா நாலு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, மத்தியானம் முழுவதும் கட்டையாகப் படுத்துக்கிடந்தால், பிள்ளைகளை யார் வெளியே கூட்டிப்போவது? காய்கறி யார் வாங்குவது? மனைவிக்கும் ஓட ஆசை இருக்கலாமே! அவளுடைய நேரம் எது?

இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் ஓடத் தொடங்குகிறவர்கள், காலில் அடிபடும் முன் வீட்டில் அடிபடுவார்கள். அம்மா ஓடுகிற நாளில் அப்பா இட்லி ஊற்ற வேண்டும். அப்பா ஓடுகிற நாளில் அம்மாவுக்கு ஓய்வு நேரம் வேறு நாளில் திரும்பக் கிடைக்க வேண்டும். கணக்கு நேராக இருந்தால் வீட்டாரே காலையில் எழுப்பிவிடுவார்கள்.

பந்தய நாளில் டர்பன் சாலை ஓரம் முழுவதும் குடும்பங்கள்தான். விடியற்காலையிலேயே பாய், நாற்காலி, சமையல் சாமான் சகிதம் வந்து இடம் பிடித்துக்கொள்கிறார்கள். இறைச்சி சுடும் புகை சாலையில் பரவும். தெரியாத ஆட்களை, சட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துகிறார்கள்.

உடம்பு விஷயத்தில் வீம்பு கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அன்று மன உறுதி காட்ட வேண்டாம்!

தண்ணீர் குடிக்காமல் ஓடுவது கெடுதி என்று எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மேல் குடிப்பதும் கெடுதி என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து வரலாம். 1981-ல் இதே பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்ணுக்கு அப்படி நேர்ந்ததை வைத்துத்தான் டாக்டர்கள் இந்த விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும். வழியில் கொடுக்கிறார்களே என்று ஒவ்வொரு மேஜையிலும் குடிக்கக் கூடாது.

ஒரு வாரம் ஓட முடியாமல் போனால்? காய்ச்சல் வரலாம். கல்யாணம் வரலாம். ஆபீசில் கணக்கு முடிக்கும் மாதம் வரலாம். விட்டுப்போன தூரத்தை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஓடிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது, ஒரு வாரம் சாப்பிடாத சோற்றை ஒரே வேளையில் சாப்பிடுவது மாதிரி! விட்டது விட்டதுதான். மறுநாள் காலையில் கொஞ்சம் குறைவாகவே ஓடி, பழைய இடத்தில் இருந்து தொடரலாம்.

இந்தப் பந்தயமே அப்படி நின்று நின்று வந்ததுதான். இரண்டாவது உலக யுத்தத்தால் 1941 முதல் 1945 வரை நடக்கவில்லை. கொரோனாவால் 2020-லும் 2021-லும் நடக்கவில்லை. 2022-ல் மறுபடியும் டர்பன் சாலையில் பூ வைத்து, "காலை வணக்கம், ஆர்தர்!" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.